ஒளிரும் மருந்து புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடுமா?

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்கிறார்கள். அறுவையின்போது பச்சை மருந்து போட்டுத் தனிக் கேமராவில் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். சினைப்பைப் புற்றுநோய் உள்ள சித்திக்கும் இதே மருந்து உதவுமா? ஒளி பட்டதும் புற்றுநோய் மட்டும் மின்னும் என்றால் பயாப்சி, ஸ்கேன் எல்லாம் எதற்கு?

பதில்:

உங்கள் கேள்வியில் வெவ்வேறு மருந்துகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அம்மாவுக்குப் போடப்போகும் பச்சை மருந்துக்குப் புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. திசுக்களிலிருந்து வடியும் திரவமான நிணநீர் ஓடும் வழியில் அதுவும் ஓடி, அந்த வழியை டாக்டருக்குக் காட்டும். சித்திக்காக நீங்கள் விசாரிக்க வேண்டியது, புற்றுநோய் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு மருந்து. செல்லுக்குள்ளேயே ஒளிரும் பொருளை உண்டாக்கவைக்கும் மூன்றாவது வகையும் உண்டு. மகளிர் புற்றுநோய்களில் அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. மூன்றையும் சொல்கிறேன். எதுவுமே பயாப்சிக்கு மாற்று ஆகாது என்பதை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிர்வதெல்லாம் புற்று என்று சொல்ல முடியாது. ஒளிராத இடமெல்லாம் சுத்தம் என்றும் சொல்ல முடியாது.

இருட்டில் உள்ளங்கைக்குக் கீழே டார்ச் அடித்தால் கை சிவப்பாகத் தெரியும், இல்லையா? நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் சதையைக் கடந்து வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, 700 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்புப் பகுதிக்குப் போனால் ரத்தமும் நீரும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். உடல் திசுக்கள் தாமாக ஒளிர்வதும் அங்கே குறைவு. அதனால்தான் அறுவையில் பயன்படும் முக்கியமான ஒளிரும் மருந்துகள் இந்தப் பகுதியில் வேலை செய்கின்றன. மருந்து ஓர் அலைநீள ஒளியை வாங்கி, சற்று நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழும். பாய்ச்சிய ஒளியை வடிகட்டி மறைத்துவிட்டு, உமிழ்ந்ததை மட்டும் கேமரா பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்குத் திரையில் பச்சை நிறம் பூசிக் காட்டுவது கணினிதான். இவ்வளவு வசதி இருந்தும் சில மில்லிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாகத் தெரியும்; கொழுப்பு தடித்த இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது புகைமூட்டம் போலத்தான் வரும். எனவே வயிற்றின் மேலிருந்து பார்த்து உள்ளே இருக்கும் கட்டியைக் கண்டுபிடிக்க இதனால் முடியாது. ஸ்கேன் செய்யும் வேலையை ஸ்கேன்தான் செய்ய வேண்டும்.

இனி அம்மாவின் மருந்து. பெயர் இண்டோசயனின் கிரீன். ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் ஐசிஜி என்பார்கள். 1950களில் கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான சாயம், 1959 முதல் மருத்துவத்தில் இருக்கிறது. இதயத்தின் ரத்த ஓட்டம், கல்லீரல் வேலை, கண் விழித்திரை ஆகியவற்றைப் பரிசோதிக்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட பிறகே நிணநீர் வழியைக் காட்ட வந்தது.

கருப்பைப் புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும். முன்பெல்லாம் பரவியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இரு பக்கத்து முடிச்சுகளையும் கொத்தாக வழித்து எடுப்பார்கள். அதன் விலையைச் சில பெண்கள் வாழ்நாள் முழுக்கக் கொடுக்கிறார்கள்: நிணநீர் வடியாமல் கால் தடித்து வீங்கி, கனத்து, அடிக்கடி தொற்று வந்து அவதிப்படுவார்கள். கட்டியிலிருந்து வரும் நிணநீரை முதலில் வாங்கும் முடிச்சு எது என்று தெரிந்தால் அதை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். அதற்குத்தான் சென்டினல் முடிச்சு, காவல் முடிச்சு என்று பெயர். அதில் புற்று இல்லை என்றால் அடுத்தடுத்த முடிச்சுகளில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கலப்பதிலேயே முதல் தவறு நடக்கும். 25 மில்லிகிராம் பொடி உள்ள குப்பியை 20 மில்லி ஸ்டெரைல் வாட்டரில் கரைத்தால் ஒரு மில்லியில் 1.25 மில்லிகிராம் கிடைக்கும். தியேட்டரில் கைக்கெட்டும் தூரத்தில் சலைன் பாட்டில்தான் இருக்கும். அதை ஊற்றிவிடக் கூடாது. உப்புநீரில் இந்தச் சாயத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஒளிர்வு மங்கிவிடும். கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். காலையில் கரைத்தது மாலை கேஸுக்கு ஆகாது. நன்றாகத் தெரியட்டும் என்று கெட்டியாகக் கலப்பதும் தவறு. அடர்த்தி அளவுக்கு மீறினால் ஒரு மூலக்கூறு உமிழும் ஒளியைப் பக்கத்து மூலக்கூறே விழுங்கிவிடும். ஊசி போட்ட இடத்திலேயே நடுவில் மங்கலாகவும் ஓரத்தில் பளிச்சென்றும் தெரிவது இதனால்தான். ரத்தத்திலும் நிணநீரிலும் உள்ள ஆல்புமின் புரதத்தோடு சேர்ந்த பிறகே சாயம் முழுப் பிரகாசத்தோடு ஒளிரும்.

மயக்கம் கொடுத்து, அம்மாவைப் படுக்கவைத்து, கருப்பை வாயில் ஊசி போடுவார்கள். கட்டி கருப்பைக்குள் இருக்க, ஊசி ஏன் வாயில் என்று கேட்கலாம். கருப்பையின் முக்கிய நிணநீர்க் குழாய்கள் அந்தப் பக்கமாகத்தான் இடுப்புச் சுவருக்குப் போகின்றன. கை எட்டும் இடமும் அதுதான். கடிகாரத்தின் 3 மணி, 9 மணி திசைகளில் இரண்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், இன்னொரு மில்லி மேலோட்டமாக 2, 3 மில்லிமீட்டரில். மொத்தம் 4 மில்லி, அதாவது 5 மில்லிகிராம். ஸ்பைனல் ஊசி போன்ற மெல்லிய நீள ஊசியால், அவசரமில்லாமல் அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் சாயம் திசுவுக்குள் போகாமல் ஊசித் துளை வழியே பின்வாங்கி யோனிக்குள் வழியும், அல்லது கருப்பையைச் சுற்றிச் சிதறும். கருப்பையை அசைக்க உதவும் கருவியை உள்ளே நுழைப்பது ஊசி போட்ட பிறகுதான்.

அடுத்த கட்டம் மிகவும் அழகானது, மிகவும் பொறுமை கேட்பதும் கூட. வயிற்றில் சிறு துளை வழியே விடும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப் உள்ளே போனதும் இடுப்புச் சுவரை மூடியிருக்கும் மெல்லிய உறையைத் திறப்பார்கள். கேமராவை அகச்சிவப்புக்கு மாற்றினால் சாம்பல் நிறக் காட்சியின் நடுவே நூல் போல ஒரு பச்சைக் கோடு கருப்பையின் ஓரத்திலிருந்து கிளம்பும். மூடிப்போன பழைய தொப்புள் தமனியின் மேலாக அது தாண்டும். பிறகு காலுக்குப் போகும் வெளி இலியாக் ரத்தக்குழாயின் உட்புறத்திலோ, தொடைக்குப் போகும் அப்ட்யூரேட்டர் நரம்புக்கு மேலேயோ ஒரு புள்ளியில் தடிக்கும். அவரைக்கொட்டை அளவில் பளிச்சென்று ஒளிரும் அந்த இடம்தான் பெரும்பாலான பெண்களுக்குக் காவல் முடிச்சு. சிலருக்குக் கோடு அந்தப் பக்கம் போகாமல் சிறுநீர் இறங்கும் குழாயான யூரிட்டரை ஒட்டி மேலே ஏறி, கீழ்முதுகெலும்புக்கு முன்னே போய் நிற்கும். அந்த மேல் வழியைத் தேடாமல் விடுவது புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய பிழை.

முடிச்சைப் பார்த்தவுடன் எடுத்துவிடுவதும் சரியல்ல. கோட்டைக் கருப்பையிலிருந்து முடிச்சு வரை தொடர்ந்து பார்த்து, வழியில் முதலில் வரும் முடிச்சு இதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். நேரம் போகப் போகச் சாயம் முதல் முடிச்சைத் தாண்டி இரண்டாம், மூன்றாம் முடிச்சுக்குப் போய்விடும். அரை மணி கழித்துப் பார்த்தால் எல்லாமே ஒளிர்ந்து, எது முதல் என்று சொல்ல முடியாது. அவசரத்தில் கத்தரி பச்சைக் கோட்டிலேயே பட்டுவிட்டால் சாயம் கசிந்து அந்த இடம் முழுக்கப் பச்சைக் குளமாகிவிடும். பிறகு அந்தப் பக்கத்தில் எதையும் நம்ப முடியாது. கருப்பையை எடுப்பதற்கு முன்பே இந்த வேலையை முடிப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஒரு பக்கம் எதுவுமே ஒளிரவில்லை என்றால்? அந்தப் பக்கத்தில் மட்டும் மறுபடி ஊசி போட்டுப் பார்ப்பார்கள். பல நேரங்களில் இரண்டாம் முறை வழி தெரிந்துவிடும். அப்போதும் தெரியாவிட்டால், அந்த ஒரு பக்கத்து முடிச்சுகளைப் பழைய முறைப்படி எடுக்க வேண்டும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை வகுத்த ஒழுங்குமுறையில் இதையும், சாயம் என்ன காட்டினாலும் பார்வைக்குப் பெருத்துச் சந்தேகமாகத் தெரியும் முடிச்சை எடுத்தே ஆக வேண்டும் என்பதையும் விதியாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது விதியை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். புற்று முழுக்க நிரம்பிவிட்ட முடிச்சில் நிணநீர் நுழைய இடமே இருக்காது. சாயம் சுற்றுவழியில் வேறு நல்ல முடிச்சுக்குப் போய் அங்கே பளபளக்கும். நோய் உள்ள முடிச்சு இருட்டாகவும், நோயில்லாத முடிச்சு ஒளியாகவும் தெரியும் நிலைமை இது. திரையை மட்டுமே நம்புபவர் இங்கே ஏமாந்துவிடுவார்.

கணக்கையும் பார்ப்போம். அமெரிக்காவில் நடந்த ஃபயர்ஸ் என்ற ஆய்வு 2017இல் வெளியானது. 385 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் 340 பேருக்குக் காவல் முடிச்சைத் தேடிய பிறகு, சரிபார்ப்பதற்காக மற்ற முடிச்சுகளையும் எடுத்தார்கள். இந்த 340 பேரில் 86 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு முடிச்சாவது தெரிந்தது. இரு பக்கமும் தெரிந்தது 52 சதவீதம் பேருக்குத்தான். முடிச்சு தெரிந்தவர்களில் 36 பேருக்கு நோய் பரவியிருந்தது, அவர்களில் 35 பேரைக் காவல் முடிச்சே சரியாகக் காட்டிவிட்டது. அதாவது 97.2 சதவீதம். வழி தெரிந்துவிட்டால் முறை மிக நம்பகமானது. வழி தெரிவதில்தான் கைப்பழக்கம் பேசுகிறது. உடல் பருமன், முன்பு நடந்த அறுவைகளின் ஒட்டல்கள், பெருத்த முடிச்சுகள் இவையெல்லாம் வழியை மறைக்கும். 2018இல் வந்த ஃபிலிம் என்ற இன்னொரு ஆய்வில், பழைய நீலச் சாயத்தையும் ஐசிஜியையும் ஒரே பெண்களில் ஒப்பிட்டார்கள். எடுத்த முடிச்சுகளில் ஐசிஜி 97 சதவீதத்தைக் காட்டியது, நீலம் 47 சதவீதத்தை. அதே 2018 நவம்பரில் கருப்பை, கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் நிணநீர் வழியைக் காட்ட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

பாதுகாப்பைப் பற்றிப் பெரிய பயம் வேண்டாம். மருந்து கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து வெளியேறிவிடும். ஆனால் பொடியில் சிறிதளவு சோடியம் அயோடைடு சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு அயோடின் ஒவ்வாமை இருந்தாலோ, ஸ்கேனுக்குப் போட்ட கான்ட்ராஸ்ட் ஊசியில் முன்பு தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தாலோ, கேட்காவிட்டாலும் நீங்களே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சித்தியின் விஷயம் வேறு மாதிரி. சினைப்பைப் புற்று நிணநீர்க் குழாயை மட்டும் நம்பி இருப்பதில்லை. செல்கள் உதிர்ந்து வயிற்றுக்குள் இருக்கும் திரவத்தில் மிதந்து, கண்ட இடத்தில் முளைக்கும். உதரவிதானத்தின் அடிப்பக்கம், குடலின் மேலே தொங்கும் கொழுப்புத் திரை, பெருங்குடலின் இரு ஓரப் பள்ளங்கள், கருப்பைக்குப் பின்னால் உள்ள குழி என்று கடுகு தூவியது போல இருக்கும். அறுவையில் கண்ணுக்குத் தெரிந்த எதையும் மிச்சம் வைக்காமல் எடுத்தோமா என்பது இந்த நோயில் மிகவும் தீர்மானமான விஷயம். விரலால் தடவினால் அரிசிக் குருணை அளவு தட்டுப்படும். அதைவிடச் சின்னதும், தழும்பின் மேல் படிந்ததும் தப்பிவிடும். கீமோ கொடுத்த பிறகு செய்யும் அறுவையில் இது இன்னும் கஷ்டம். செத்துப்போன கட்டியின் தழும்பும் உயிருள்ள கட்டியும் ஒரே மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும்.

இங்கேதான் ஃபோலிக் அமிலம் கைகொடுக்கிறது. சினைப்பையில் அதிகம் வரும் எபிதீலியல் வகைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றின் செல் மேல்பரப்பில் ஃபோலேட்டைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஆல்ஃபா ஏற்பி ஏராளமாக இருக்கும். ஃபோலேட்டோடு ஒரு சாயத்தைக் கட்டி அனுப்பினால் செல் அதையும் சேர்த்து விழுங்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் லோ இந்தக் கொக்கி முறையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். 2011இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் வான் டாம் குழுவினர் மனிதர்களில் முதல்முறை இதைச் செய்து காட்டினார்கள். வெறும் கண்ணால் பார்த்தபோது மருத்துவர்கள் எண்ணிய கட்டிகளின் இடைநிலை எண்ணிக்கை 7. ஒளியின் உதவியோடு எண்ணியபோது 34. அவர்கள் அப்போது கட்டியது பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீன் சாயம். அந்த ஒளி ஆழத்திலிருந்து வராது, திசுக்களும் அதே நிறத்தில் தாமாக மினுங்கும். அதனால் அடுத்து அகச்சிவப்பில் ஒளிரும் சாயத்தைக் கட்டினார்கள். அதுதான் பஃபோலாசயனின், விற்பனைப் பெயர் சைட்டாலக்ஸ். 2021 நவம்பர் 29இல் எஃப்டிஏ அனுமதித்தது.

அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.5 மில்லிகிராம். மருந்து ஒரு மில்லிக்கு 2 மில்லிகிராம் என்ற அடர்த்தியில் வருவதால் முக்கால் மில்லிதான் ஆகும். அதை 250 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். இதற்கும் சலைன் கூடாது. மருந்தை ஃப்ரீசரில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். எடுத்துத் தானாக உருக விட்டுப் பிறகே கலக்க வேண்டும். ஏற்றிய பிறகு 1 மணி முதல் 9 மணி நேரத்துக்குள் ஒளியில் பார்த்தாக வேண்டும். இந்தக் கணக்குத்தான் நடைமுறையில் அதிகம் இடிக்கும். முதல் கேஸ் இழுத்துக்கொண்டே போய், காலை 7 மணிக்கு மருந்து ஏறிய நோயாளியை மாலையில் மேஜைக்கு எடுத்தால் காலம் தாண்டிவிடும்.

நம் ஊரில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அறுவைக்கு முன் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். அதில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும். பலம் வரட்டும் என்று வீட்டில் தரும் பி காம்ப்ளெக்ஸ், சத்து மாத்திரைகளிலும் இருக்கும். இந்த மருந்து ஏற்றுவதற்கு முந்தைய 48 மணி நேரம் இவை எதுவும் கூடாது. ஏற்பியின் வாசலில் சாதாரண ஃபோலேட் முன்னமே உட்கார்ந்துவிட்டால் சாயம் கட்டிய ஃபோலேட்டுக்கு இடம் கிடைக்காது, கட்டி இருட்டாகவே இருக்கும். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்றும்போது குமட்டல், வயிற்றுவலி, முகம் சிவத்தல், அரிப்பு வரலாம். நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும்.

திறந்த அறுவை என்றால் தியேட்டர் விளக்கே எதிரி ஆகிவிடும். பழைய ஹாலஜன் விளக்குகள் அகச்சிவப்பையும் அள்ளிக் கொட்டும். ஜன்னல் வழியே வரும் வெயிலிலும் அது உண்டு. அவற்றை அணைக்காமலோ திருப்பாமலோ கேமராவை நீட்டினால் வயிறு முழுக்க ஒளிர்வது போலத் தெரியும். கேமராவைத் தூக்கிப் பிடித்தால் ஒளிர்வு குறையும், நெருக்கினால் கூடும். சில கருவிகள் ஒளி குறைந்ததும் தாமாகவே உணர்திறனை ஏற்றிக்கொள்ளும். அப்போது ஒன்றுமில்லாத பின்னணியும் பச்சையாகிவிடும். அதனால் சந்தேகமான இடத்தைப் பக்கத்து நல்ல திசுவோடு ஒரே காட்சியில், ஒரே தூரத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வெட்டி எடுத்ததைத் தனி மேஜையில் கறுப்புத் துணியின் மேல் வைத்து மறுபடி பார்ப்பதும், எடுத்த குழியை இன்னொரு முறை பார்ப்பதும் நல்ல பழக்கம். துணியின் மேல் இருப்பது ஒளிர்ந்து, குழி இருண்டிருந்தால் எடுக்க நினைத்ததை எடுத்துவிட்டோம் என்று சொல்லலாம்.

இது எவ்வளவு நம்பகம்? மூன்றாம் கட்ட ஆய்வில், ஃபோலேட் ஏற்பி உள்ள சினைப்பைப் புற்று உறுதியான 109 பெண்களில் 33 சதவீதம் பேருக்கு, கண்ணும் கையும் கண்டுபிடிக்காத, எடுக்கத் திட்டமிடாத புற்றுத் திசு கூடுதலாகக் கிடைத்தது. கீமோவுக்குப் பிறகு அறுவை செய்தவர்களில் அது 39.7 சதவீதம். மூன்றில் ஒருவர் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அதே ஆய்வில் உணர்திறன், அதாவது இருக்கும் புற்றை ஒளிர்ந்து காட்டிய அளவு, 83 சதவீதம்தான். பொய்யாக ஒளிர்ந்தது 24.8 சதவீதம். ஒளிர்ந்த நாலில் ஒன்றில் புற்று இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். காரணமும் தெரியும். ஃபோலேட் ஏற்பியின் இன்னொரு வடிவமான பீட்டா வகை, அழற்சியின்போது வேலை செய்யும் மேக்ரோஃபேஜ் செல்களில் இருக்கிறது. எனவே வெறுமனே வீங்கிய நிணநீர் முடிச்சும் ஒளிரும். கருக்குழாயின் உள்பூச்சிலும் சிறுநீரகத்திலும் ஆல்ஃபா வகையே இயல்பாக உண்டு. மறுபக்கம், மியூசினஸ் வகைச் சினைப்பைப் புற்றில் இந்த ஏற்பி பெரும்பாலும் இருக்காது, அங்கே இந்த மருந்தால் பயன் இல்லை. சித்தியின் பயாப்சி அறிக்கையில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். 'ஹை கிரேடு சீரஸ்' என்றிருந்தால் கேட்டுப் பார்க்கலாம். 'மியூசினஸ்' என்றிருந்தால் இதற்காக அலைய வேண்டாம். இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு கூடுதல் கட்டி கிடைத்ததா என்பதை அளந்தது. அதனால் ஆயுள் கூடியதா என்பதை அளக்கவில்லை. கைதேர்ந்த மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணர் ஒரு பக்கம், இந்த மருந்து இன்னொரு பக்கம் என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால், யோசிக்காமல் நிபுணரிடம் போங்கள்.

மூன்றாவது வகையில் கதை பழையது. 1924இலேயே பிரான்சின் லியோனில் பொலிகார், புற ஊதா விளக்கின் கீழ் சில கட்டிகள் செந்நிறமாக ஒளிர்வதைக் கவனித்தார். பார்ஃபிரின் என்ற பொருளின் வேலை அது. 1961இல் மேயோ கிளினிக்கில் லிப்சன் குழுவினர் ரத்தத்திலிருந்து பெற்ற பார்ஃபிரினை ஊசியாகப் போட்டுக் கட்டிகளைப் பார்த்தார்கள். இன்று பார்ஃபிரினையே போடாமல், அதன் மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமிலத்தைக் கொடுக்கிறார்கள். எல்லா செல்லும் அதிலிருந்து புரோட்டோபார்ஃபிரினை உண்டாக்கும். நல்ல செல் அதில் இரும்பைச் சேர்த்து, ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் ஆக்கிவிடும். பல புற்று செல்களில் அந்தக் கடைசிப் படி மந்தமாக இருப்பதால் புரோட்டோபார்ஃபிரின் தேங்கும். 405 நானோமீட்டர் நீல ஒளி பட்டால் அது 635இல் சிவப்பாக ஒளிரும். மூளைக் கட்டிக்கு இது அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்றது. இதே குடும்ப மருந்து சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 2010இல் பெற்றது. கருப்பை வாயில் களிம்பாகப் பூசியும், சினைப்பைப் புற்றில் வயிற்றுக்குள் பார்த்தும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நீல ஒளி ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாது, வெறும் அழற்சியும் சிவப்பாக ஒளிரும், கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் ஒளியே சாயத்தைச் சிதைத்து மங்கவைத்துவிடும் என்பவை அதன் தொல்லைகள். வாயால் சாப்பிட்டவர் ஒரு நாளுக்கு மேல் வெயிலுக்கும் கடும் விளக்குக்கும் ஒதுங்கியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்தது போலாகும். உடலில் பார்ஃபிரின் தேங்கும் போர்ஃபிரியா நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

நோய் எதுவும் தெரியாத பெண்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள இந்த ஒளி உதவுமா என்றும் உங்கள் வீட்டில் யாராவது கேட்கலாம். உதவாது. கருப்பை வாய்ப் புற்றுக்கு அதை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸுக்கான பரிசோதனை, செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது ஆகியவைதான் வழி. கடைசியில் சொன்னதில் திசு வெள்ளையாவதற்கும் ஒளிரும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. மலிவான அந்த முறையால் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும், அதனால் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. வீட்டில் முப்பதைத் தாண்டிய பெண்கள் இருந்தால், ஒளிரும் மருந்தைப் பற்றிப் படிக்கும் நேரத்தில் அவர்களை அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

அம்மாவின் அறுவைக்கு முன் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள். ஒரு பக்கம் சாயம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? எடுக்கும் முடிச்சை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்க்கும் அல்ட்ராஸ்டேஜிங் வசதி உங்கள் பேத்தாலஜியில் உண்டா? இந்த முறையில் எத்தனை கேஸ் செய்திருக்கிறீர்கள்? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அறுவை முடிந்து வரும் பேத்தாலஜி அறிக்கையில் வலம், இடம் என்று இரு பக்கமும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். "முடிச்சுத் திசு இல்லை, கொழுப்பு மட்டும்" என்று ஒரு பக்கத்துக்கு வந்திருந்தால் அதற்கு வெற்று முடிச்சு என்று பெயர். ஒளிர்ந்தது சாயம் தேங்கிய நிணநீர்க் குழாயாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்தைப் பரிசோதிக்காத பக்கமாகவே கணக்கில் எடுக்க வேண்டும், அடுத்து என்ன என்று கேட்க வேண்டும். முடிச்சில் புற்று இருந்தால் அளவும் இருக்கும்: 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மேக்ரோ, 0.2 முதல் 2 வரை மைக்ரோ, 0.2க்குள் என்றால் தனிச் செல்கள், ஐடிசி என்று எழுதியிருப்பார்கள். ஐடிசி மட்டும் இருந்தால் முடிச்சுக்குப் பரவியதாக நிலை ஏற்றப்படாது. அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். மறுநாள் டாக்டரிடம் அறிக்கையைக் காட்டி, மேல்சிகிச்சை தேவையா என்று நிதானமாகக் கேளுங்கள்.